கோடை விடுமுறையில் ஒரு விஞ்ஞானியிடம் ஆய்வு செய்ய முடியுமா?

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவி, கல்லூரியில் ஆய்வுக்கு வசதியில்லை, கோடையில் எங்காவது செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக உண்டு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தேர்வானால் ஒரு விஞ்ஞானியின் வழிகாட்டலில் இரண்டு மாத வேலை, உதவித்தொகையோடு. பலர் ஏப்ரலில்தான் தேட ஆரம்பிக்கிறார்கள். விண்ணப்பமோ பெரும்பாலும் முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிடும். சென்னை ஐஐடியிலும் தனியாக ஒரு கோடைத் திட்டம் இருக்கிறது; அதில் பி.எஸ்சி. மாணவர்களைச் சேர்ப்பார்களா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் "அறிவியலில் மிகுந்த ஆர்வம்" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். எந்தக் கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது, அதற்காக என்ன படித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், போனதும் கண்டுபிடிப்பு எதுவும் நடக்காது. லேசர் ஆய்வகம் என்றால், கண்ணாடிகளைத் திருகித் திருகி ஒளிக்கற்றையைச் சிறு துளைக்குள் விழவைக்கவே நாள்கணக்கில் ஆகலாம். அதையும் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். வழிகாட்டி முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

பெண் என்பதால் தயங்க வேண்டாம். 1933-இல், பின்னாளில் உயிர்வேதியியல் விஞ்ஞானியான கமலா சோஹோனியை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்க்க சி.வி. ராமன் முதலில் மறுத்தார்; கமலா விடவில்லை, நிபந்தனைகளோடு உள்ளே போனார். இன்று அந்தத் தடை இல்லை. பெண்கள் விடுதியில் இடம் உண்டா, இரவு ஆய்வகத்திலிருந்து திரும்ப என்ன ஏற்பாடு என்பதை மட்டும் சேருமுன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வீட்டில் சம்மதம் வாங்கவும் அந்தப் பதில் உதவும்.