வெயிலில் பெர்ஃப்யூம் வாசனை நிற்க மாட்டேன் என்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 31. சென்னையில் வேலை, தினமும் ஸ்கூட்டரில்தான் அலுவலகம் போகிறேன். காலையில் கழுத்தில் நாலைந்து முறை பெர்ஃப்யூம் அடித்தாலும் 11 மணிக்குள் வாசனை போய்விடுகிறது. அதனால் பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியிலேயே வைத்துக்கொண்டு மதியமும் அடிக்கிறேன். பக்கத்து சீட் தோழியோ வாசனை தூக்கலாக இருக்கிறது, தலை வலிக்கிறது என்கிறாள். கொஞ்ச நாளாகக் கழுத்தின் ஒரு பக்கத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரிகிறது. கோடை முழுக்க வாசனை நிற்க என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கேட்டது வாசனையைப் பற்றித்தான். ஆனால் போகிற போக்கில் சொல்லியிருக்கும் அந்தப் பழுப்புக் கோட்டைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

எலுமிச்சை, நாரத்தை இனத்தைச் சேர்ந்தது பெர்கமாட் பழம். அதன் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய் பல பெர்ஃப்யூம்களிலும் கொலோன்களிலும் சேர்கிறது. அந்த எண்ணெயில் பெர்கப்டென் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டால் தோல் வெந்ததுபோல் பாதிக்கப்படும். சிலருக்கு முதலில் சிவக்கும், எரியும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலேயே போய், நேராகப் பழுப்புக் கறை மட்டும் வரலாம். அடித்த திரவம் கழுத்தில் எந்த வழியாக இறங்கியதோ, அதே வழியில் கோடாகத் தெரியும். இதைத் தோல் மருத்துவர்கள் பெர்லோக் டெர்மடைட்டிஸ் என்போம். பெர்கப்டென் நீக்கிய எண்ணெயைத்தான் இப்போது பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இருந்தாலும், என்ன சேர்த்திருக்கிறது என்றே எழுதாத மலிவு பாட்டில்களையும், 'சுத்தமான இயற்கை எண்ணெய்' என்று விற்பவற்றையும் நான் நம்புவதில்லை.

உங்களுக்கு வந்திருப்பது இதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. அரிப்பு இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம். கோடாக இல்லாமல் கழுத்து மடிப்பில் கருத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் போல இருந்தால் அதற்கும் பெர்ஃப்யூமுக்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் சர்க்கரையும் எடையும் பார்க்க வேண்டும். எதுவானாலும் இன்றைக்கே கழுத்தில் அடிப்பதை நிறுத்துங்கள், வெளியே போகும்போது அந்த இடத்தில் சன்ஸ்கிரீன் போடுங்கள். கறை போக எலுமிச்சைச் சாறு தடவாதீர்கள். எலுமிச்சையிலும் அதே வகைப் பொருள் இருக்கிறது, வெயில் பட்டால் கறை இன்னும் கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த 'நிறம் தரும்' கிரீம்களும் வேண்டவே வேண்டாம். அவற்றைத் தடவித் தோலே மெலிந்துபோய் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். வெயில் கறை தானாகவே மங்கும், ஆனால் சில மாதங்கள் ஆகும்.

சரி, வாசனைக்கு வருவோம்.

பெர்ஃப்யூம் என்பது வாசனை எண்ணெய்களை ஆல்கஹாலில் கரைத்தது. எந்த வாசனையும் ஆவியானால்தான் மூக்குக்கு எட்டும். சூட்டில் வேகமாக ஆவியாகும், அதனால் வேகமாகத் தீரும். முதலில் போவது எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான வாசனைகள். சந்தனம், வெனிலா, கஸ்தூரி வகைகள் மெதுவாகத்தான் ஆவியாகும். கோடைக்கு என்று எலுமிச்சை வாசனையாகத் தேர்ந்தெடுத்துவிட்டு அது சாயங்காலம் வரை இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் நடக்காது. பாட்டிலில் ஓ டி டாய்லெட் என்று போட்டிருந்தால் வாசனை எண்ணெய் குறைவு, ஓ டி பர்ஃபம் என்றால் கூடுதல். இரண்டாவது வகையில் ஒரு முறை அடித்தாலே போதும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் வாசனை 11 மணிக்குப் போய்விட்டதா என்பதே எனக்குச் சந்தேகம். ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைப் பதிவு செய்வதை விட்டுவிடும். இது எல்லோருக்கும் நடப்பது. உங்கள் தோழிக்குத் தலை வலிக்கும் அளவுக்கு அது இருந்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் தெரியவில்லை. மதியம் மறுபடி அடிப்பதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். ஏசி அறையில் ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ உள்ள ஒருவர் இருந்தால் உங்கள் இரண்டாவது சுற்று அவருக்குப் பெரிய தொந்தரவு.

நிஜமாகவே வாசனை நீடிக்க வேண்டுமென்றால் துணியில் அடியுங்கள். துணிக்கு உடம்புச் சூடு அவ்வளவாக ஏறாது, அதனால் வாசனை மெதுவாகவே போகும். தோலுக்கும் பாதுகாப்பு. துப்பட்டாவின் முனை, குர்தாவின் கீழ் ஓரம், கைக்குட்டை இவை போதும். அரை அடி தள்ளிப் பிடித்து அடித்து, காய்ந்த பிறகு உடுத்துங்கள். பட்டிலும் வெளிர் நிறத் துணியிலும் கறை விழும், அவற்றில் வேண்டாம். கழுத்தில் உள்ள கறை மங்கும்வரை அங்கே உரசும் காலரிலும் அடிக்க வேண்டாம்.

தோலில்தான் அடிக்க வேண்டும் என்றால் வெயில் படாத, துணி மூடும் இடத்தில் அடியுங்கள். வறண்ட தோலில் வாசனை நிற்காது. போர் தண்ணீரும் சோப்புமாகக் குளிக்கிறவர்களுக்குக் கோடையிலும் தோல் வறண்டுதான் இருக்கும். குளித்துத் துவட்டியதும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவி, அது ஊறிய பிறகு அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும். வாசலின் தடவச் சொல்லிப் பலர் சொல்வார்கள். பொட்டு அளவுக்கு ஓர் இடத்தில் வைத்தால் சரி. மார்பு, முதுகு என்று பூசினால் வியர்வை வழி அடைபட்டு வேர்க்குரு வரும்.

வியர்வை நாற்றத்தை பெர்ஃப்யூமால் மறைக்கப் பார்ப்பதும் பலன் தராது. வியர்வைக்குத் தானாக நாற்றம் கிடையாது. அக்குளில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைப்பதால்தான் வாடை. வியர்வையைக் குறைக்கும் அலுமினிய உப்பு கலந்த ரோல்-ஆனை இரவு படுக்கும் முன், அக்குள் உலர்ந்திருக்கும்போது போட்டால் நன்றாக வேலை செய்யும். ஷேவ் செய்த கையோடு எதையும் போடாதீர்கள்.

அத்தரும் ஜவ்வாதும் ஆல்கஹால் இல்லாதவை என்பதால் மெதுவாகத்தான் போகும். எரிச்சலும் குறைவு. அலர்ஜி மட்டும் அவற்றிலும் வரலாம்.

அப்புறம் அந்த ஸ்கூட்டர் டிக்கி. தயவுசெய்து பாட்டிலை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். சூட்டில் வாசனை கெடுவது ஒரு பக்கம். லிமோனீன், லினலூல் போன்ற வாசனைப் பொருள்கள் காற்றோடு சேர்ந்து பழசாகும்போது, புதிதில் இருந்ததைவிடப் பல மடங்கு அலர்ஜி உண்டாக்கும் பொருள்களாக மாறுகின்றன. சூடு அதை வேகப்படுத்தும். பாடி ஸ்ப்ரே டப்பா என்றால் இன்னும் ஆபத்து. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். வீட்டில் அலமாரிக்குள், இருட்டில் வைத்தால் போதும். அடித்த ஈரத்தோடு அடுப்பு, விளக்கு பக்கம் போகாதீர்கள்.

வேறு பெர்ஃப்யூம் வாங்கினால் முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரண்டு முறை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கழுத்தில் அரிப்பும் இருக்கிறது என்றால் பேட்ச் டெஸ்ட் செய்து பார்க்கலாம். முதுகில் சில பொருள்களை ஒட்டி 2 நாள் அப்படியே விட்டு, எடுத்த அன்றும் அடுத்த 2 நாள் கழித்தும் பார்ப்போம். ஊசி இல்லை, வலி இல்லை, ஆனால் அதுவரை முதுகு நனையக் கூடாது. உங்கள் ஊர்த் தோல் மருத்துவரிடம் போகும்போது இப்போது பயன்படுத்தும் பாட்டிலையும் அதன் அட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.