வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, இரவல் கேட்பதா?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் சென்னையில் இரண்டு வருட ஒப்பந்த வேலை. முடிந்ததும் திருச்சிக்கே திரும்பிவிடுவோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தையோடு கட்டில் மூன்றையும் மாதம் 2,000 ரூபாய் வாடகைக்குத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. அட்வான்ஸ் 4,000. புதிதாக வாங்கினால் மூன்றும் சேர்ந்து 50,000 ஆகிறது. "பொருளைச் சேர்க்காமல் பகிர்ந்துகொள்வதுதான் பூமிக்கு நல்லது" என்கிறார் கணவர். எது சரி?
— வாசகி, திருச்சி

பதில்: பூமியைப் பிறகு பார்ப்போம், முதலில் கணக்கு. மாதம் 2,000 என்றால் 24 மாதத்துக்கு 48,000. புது விலைக்கு இரண்டாயிரம்தான் குறைவு, கடைசியில் கையில் ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சாது. அதே பொருள்களை 50,000 கொடுத்து வாங்கி, ஊருக்குக் கிளம்பும்போது பாதி விலைக்குத் தள்ளிவிட்டால்கூட உங்கள் செலவு 25,000தான்.

எட்டு மாத வேலையாக இருந்தால் பதிலே வேறு. வாடகை 16,000தான் ஆகும். எட்டு மாதம் பழகிய பொருளை அவசரத்தில் விற்றால் 30,000 தேறுவதே பெரிது. அப்போது 20,000 நஷ்டம், அலைச்சல் தனி. ஆக, நீங்கள் சொன்ன விலைக்கு ஒரு வருடத்துக்குள் என்றால் வாடகை, அதைத் தாண்டினால் வாங்குவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கணவரின் பூமி. ஒரே பொருளைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தினால்தான் பகிர்வு. கல்யாண வீட்டு பிரியாணி அண்டா இந்த வாரம் ஒரு வீட்டில், அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் அடுப்பேறுகிறது. ஊருக்கு நாலு செட் போதும். உங்கள் சமையலறையில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடப்போகிற ஃபிரிட்ஜை யாரோடு பகிரப்போகிறீர்கள்? அந்த இரண்டு வருடமும் அது உங்களுக்கு மட்டும்தான். பொருள் உங்களுக்குச் சொந்தமாகாது என்பதைத் தவிர, தவணையில் வாங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கணவருக்கும் மனம் குளிர வேண்டும், பணமும் மிஞ்ச வேண்டும் என்றால், சென்னையை விட்டுக் கிளம்புகிற குடும்பத்திடம் பழசாக வாங்குங்கள். பள்ளி விடுமுறையில் வீடு மாறுகிறவர்கள் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பழசோ வாடகையோ, நட்சத்திர லேபிளை உற்றுப் பாருங்கள். எத்தனை நட்சத்திரம் என்பதோடு எந்தக் காலத்துக்கான லேபிள், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதும் அதில் இருக்கும். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். அதனால் பழைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. வாடகை நிறுவனம் பழைய மாடலைக் கொண்டுவந்து இறக்கினால் கரண்ட் பில் உங்கள் தலையில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் வாடகைதான் என்றால், 2,000 என்பது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், பாதியில் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது. 24 மாதத்துக்கு ஒரு வாடகை, 6 மாதத்துக்குக் கூடுதல் வாடகை என்றுதான் பெரும்பாலும் போடுவார்கள். 24 சொல்லிவிட்டுப் பத்தாவது மாதம் திருப்பினால், கழிந்த பத்து மாதத்துக்கும் வித்தியாசத் தொகையைக் கேட்பார்கள். பொருள் வந்து இறங்கும்போதே ஏற்கெனவே இருக்கிற கீறல், நெளிவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். திரும்ப எடுத்துப்போகும் நாளில் "இந்த நெளிவு புதுசு" என்று அட்வான்ஸில் கைவைப்பதுதான் வழக்கமான சண்டை.

அட்வான்ஸை நியாயமில்லாமல் பிடித்துவைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், திருச்சிக்குத் திரும்பிய பிறகும்கூட. கெடு இரண்டு வருடம்.

கேள்வி: தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்குத் தினமும் காரில் தனியாகப் போகிறேன். மூன்று சக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா? இன்னொரு நண்பர், சனி ஞாயிறில் சும்மா நிற்கிற காரைத் தெரிந்தவர்களுக்கு நாள் வாடகைக்கு விடச் சொல்கிறார்.
— வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டும் பகிர்வு மாதிரிதான் தெரியும். சட்டத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இவை வேறு வேறு.

மூன்று நண்பர்கள் சேர்ந்து பெட்ரோல் காசைப் பங்குபோட்டுக்கொள்வதை யாரும் வாடகை வண்டி என்று சொல்ல மாட்டார்கள், அதில் உங்களுக்கு லாபம் இல்லாதவரை. தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்து, வழியில் முன்பின் தெரியாதவர்களையும் ஏற்ற ஆரம்பித்தால் கதை மாறிவிடும். என் யோசனை, பணமே வேண்டாம். நாலு பேரில் யாரிடமெல்லாம் கார் இருக்கிறதோ, வாரத்துக்கு ஒருவர் வண்டியை எடுக்கட்டும். என் பழைய அலுவலகத்தில் இப்படித்தான் நாலு வருடம் ஓட்டினோம். கணக்கும் இல்லை, சண்டையும் இல்லை. ஏசியை எத்தனையில் வைப்பது என்பதைத் தவிர.

வெள்ளை போர்டு காரை நாள் வாடகைக்கு விடுவது கூடவே கூடாது. டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. இவற்றுக்கெல்லாம் பெர்மிட் உண்டு, அதற்கேற்ற காப்பீடு உண்டு. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. அபராதத்தையாவது கட்டித் தொலைக்கலாம், விபத்துதான் பெரிய பயம். தனியார் கார் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் காரை எடுத்துப்போனவர் மதுராந்தகம் பக்கம் யார்மீதாவது மோதினால், அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் வசூலிக்க வரலாம். பெர்மிட் இல்லாத வண்டி வழக்கில் நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டதும் உண்டு. சனி ஞாயிறு வாடகையில் அந்தத் தொகையை அடைக்க எத்தனை வருடம் ஆகும்?

தெரிந்தவர் கேட்டால் காசு வாங்காமல் கொடுங்கள், அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மனமில்லை என்றால் சாவி ரிப்பேர் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய செல்போனைத் தனி நபரிடம் ஆன்லைன் மூலம் வாங்கினேன். இரண்டாம் வாரத்தில் சிக்னல் போய்விட்டது. கடையில் காட்டினால் "திருட்டு போன், முடக்கிவிட்டார்கள்" என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: விற்றவர் வியாபாரி அல்ல, தன் போனை விற்ற தனி ஆள் என்றால், நுகர்வோர் சட்டத்தின் கீழ் அவரைப் பிடிப்பது கஷ்டம். போலீஸில் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய விவரம், அவரோடு பேசிய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். விளம்பரம் வந்த தளத்துக்கும் எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு: காசு கொடுக்கும் முன்பு அந்தப் போனிலேயே *#06# அழுத்துங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கிற 15 இலக்க அடையாள எண், அதாவது ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு அந்த எண், இப்படி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கறுப்புப் பட்டியல் என்றோ போலி என்றோ பதில் வந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவரே உங்கள் கண்ணெதிரில் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். "வீட்டுக்குப் போய் பாஸ்வேர்டு அனுப்பறேன்" என்றால் நம்பாதீர்கள். பழைய பில்லை நகல் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு வருட மிக்ஸி. ஜாரின் அடியில் கறுப்பாக ஏதோ கசிகிறது. கம்பெனி சர்வீஸ் ஆள், "பார்ட்ஸ் வராது, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துடுங்க" என்கிறார்.
— வாசகி, சேலம்

பதில்: எடுக்காதீர்கள். கறுப்பாகக் கசிகிறது என்றால் ஜாரின் அடியில் பிளேடு தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த ஊர் கடைத்தெருவிலும் மிக்ஸி ரிப்பேர்க்காரர் ஒருவர் இருப்பார். நீங்கள் காய்கறி வாங்கிவிட்டு வருவதற்குள் மாற்றிக் கொடுத்துவிடுவார். அதுவரை அந்த ஜாரில் சட்னி அரைக்க வேண்டாம். அடியில் இருக்கிற ரப்பர் கப்ளர் பல் மழுங்கியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மிக்ஸி ஓடும்போது பொறி பறந்து கருகல் வாசனை வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அதுவும் சின்னச் செலவுதான். மோட்டாரே எரிந்து, காயில் கட்டும் கூலி புது மிக்ஸி விலையில் பாதியைத் தாண்டினால் மட்டும் புதுசை யோசியுங்கள்.

வாரண்டிக் காலத்தில் வெளியே திறந்தால் பல கம்பெனிகள் வாரண்டியை மறுத்துவிடும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரி பாகம், சர்வீஸ் விவரங்களைக் கம்பெனிகள் அதில் போட வேண்டும் என்பது நோக்கம். அதில் உங்கள் கம்பெனி இருக்கிறதா என்று பாருங்கள். நான் என்றால் முதலில் கடைத்தெருவுக்குத்தான் போவேன்.

கேள்வி: துணிக்கடையில் 'நூறு சதவீதம் இயற்கைக்கு உகந்த பை' என்று 20 ரூபாய் தனியாக வாங்கினார்கள். நம்பலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: எதனால் உகந்தது என்று பையிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் வெறும் வாய்ப்பந்தல். ஆதாரமில்லாமல் 'பசுமை', 'இயற்கை' என்று போடுவதைத் தடுக்க 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளே கொண்டுவந்தது. 1915இல் சொல்லலாம். ஆனால் உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எத்தனை தாம்பூலப் பைகள் தொங்குகின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். துணிப் பையும் பருத்தி, தண்ணீர், சாயம் எல்லாம் தின்றுதான் பிறக்கிறது. அடுத்த முறை கடைக்கு அதில் ஒன்றை எடுத்துப்போனால் 20 ரூபாய் மிச்சம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். டிரில்லிங் மெஷின், அலுமினிய ஏணி, பெரிய பாத்திரங்களைப் பொதுவில் வாங்கிவைக்கலாம் என்று நினைக்கிறோம். உடைந்தால் யார் பொறுப்பு என்பதில் கூட்டம் நின்றுபோனது.
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோவை

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இந்த முறை மிகவும் ரசித்தேன். இதற்கு விதி தேடி எங்கும் போக வேண்டாம், பக்கத்து வாடகைப் பாத்திரக் கடைக்குப் போங்கள். தங்கையின் வளைகாப்புக்கு நான் எடுத்த பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தபோது, கடைக்காரர் திண்ணையில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினார். அண்டா இரண்டு, சருவம் நான்கு, கரண்டி ஆறு. ஜல்லிக்கரண்டி ஒன்று குறைந்தது. கோபப்படவில்லை, சீட்டில் அதற்கெதிரே இருந்த விலையை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். அது மறுநாள் எங்கள் கொல்லைக் குழாயடியில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டேன். தொலைந்தால் எவ்வளவு என்று எடுக்கும்போதே எழுதியிருந்ததால் சண்டைக்கு இடமில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு. எடுத்தவர், தேதி, எடுக்கும்போது பொருளின் நிலை, திருப்பிய தேதி. ஒவ்வொரு பொருளுக்கும் தொலைந்தால் கொடுக்க வேண்டிய விலையை முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பொருள்மேல் பெயின்டில் சங்கத்தின் பெயர். பயன்படுத்தித் தேய்ந்தால் சங்கச் செலவு, கீழே போட்டு உடைத்தால் எடுத்தவர் செலவு. எது தேய்மானம், எது உடைப்பு என்று தகராறு வந்தால் முடிவு சொல்ல இரண்டு பேரை இப்போதே தேர்ந்தெடுங்கள், அதில் ஒருவர் செயலாளராக இருக்க வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏணியில் ஏறி விழுந்தால் சங்கம் பொறுப்பல்ல என்று ஒரு வரியும் எழுதிவையுங்கள், ஆனால் அதை நம்பி ஆடுகிற ஏணியை வைத்திருக்காதீர்கள்.

டிரில்லிங் பிட்டை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ளட்டும். அந்த மொட்டை பிட்டை மழுங்கடித்தது யார் என்று எந்த நோட்டிலும் கண்டுபிடிக்க முடியாது.