நேவிகேஷன் பாருக்கு நிறம் கொடுப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதினொரு வருடமாக ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் ஆப் எழுதி வருகிறேன். நேவிகேஷன் பார் நிறம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பின்னணிக்கு நிறம் கொடுத்துவிடுகிறோம்; அதன் மேல் நிற்கும் எழுத்தையும் ஐகானையும் மறந்துவிடுகிறோம். பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் இறுதியாண்டு மாணவன். இதுதான் என் முதல் ஆப். நேவிகேஷன் பார் என்று தேடினால் ஒருவர் மேலே இருக்கும் பட்டையைச் சொல்கிறார், இன்னொருவர் கீழே இருப்பதைச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: எல்லோரும் சொல்வது சரிதான் தம்பி. ஒரே பெயரில் மூன்று பட்டைகள் இருக்கின்றன. ஐஓஎஸ்ஸில் நேவிகேஷன் பார் என்றால் திரையின் மேலே, தலைப்பும் பின்னால் போகும் அம்புக்குறியும் இருக்கும் பட்டை. ஆண்ட்ராய்டில் அதை ஆப் பார் அல்லது டூல்பார் என்பார்கள். ஆண்ட்ராய்டில் நேவிகேஷன் பார் என்றால் போனின் அடியில் பேக், ஹோம் பொத்தான்கள் இருக்கும் இடம். அது உங்கள் ஆப்பினுடையது அல்ல, சிஸ்டத்துடையது. மூன்றாவது, ஆப்பின் அடிப்பகுதியில் முகப்பு, தேடல், கணக்கு என்று நாம் வைக்கும் டேப் வரிசை. கூகுளின் வடிவமைப்பு முறையான மெட்டீரியல் 3 வந்த பிறகு அதற்கும் நேவிகேஷன் பார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்; முன்பு அது பாட்டம் நேவிகேஷன். ஐஓஎஸ்ஸில் அதே வரிசை டேப் பார்.

இணையத்தில் கிடைக்கும் ஒரு கோடை (நிரலை) எடுத்து ஒட்டுவதற்கு முன், அது இந்த மூன்றில் எதைப் பற்றியது, எந்த வருடத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஆண்ட்ராய்டு ஆப்பில் ஸ்டேட்டஸ் பாருக்கும் (நேரமும் பேட்டரியும் காட்டும் மேல் பட்டை) கீழே உள்ள சிஸ்டம் பட்டைக்கும் நீல நிறம் கொடுத்திருந்தோம். வருடக்கணக்காக வேலை செய்தது. டார்கெட் ஏபிஐயை (எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக எழுதியது என்று ஆப் சொல்லும் எண்) 35 ஆக்கிய அன்றே நீலம் போய்விட்டது. கோடில் எந்த மாற்றமும் செய்யவில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை. இந்த நிறங்களை மாற்றும் வசதி 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 வந்தபோது கிடைத்தது. ஆண்ட்ராய்டு 15-இல் அதைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஏபிஐ 35-ஐ டார்கெட் செய்யும் ஆப், ஆண்ட்ராய்டு 15 போனில் ஓடும்போது திரையின் விளிம்பு வரை கட்டாயமாக விரிகிறது. ஸ்டேட்டஸ் பார் நிறம் கேட்கும் அழைப்பை சிஸ்டம் கண்டுகொள்ளாது. விரலால் தள்ளும் ஜெஸ்ச்சர் முறையில் கீழ்ப்பட்டையும் அப்படித்தான், முழுக்கக் கண்ணாடி போல இருக்கும். மூன்று பொத்தான் முறையில் மட்டும் நீங்கள் கேட்கும் நிறத்துக்கு இன்னும் மதிப்பு உண்டு; இயல்பாக அங்கே 80 சதவீத அடர்த்தியுள்ள பின்னணி இருக்கும்.

அப்படியானால் நீலம் வேண்டுமென்றால்? சிஸ்டத்திடம் கேட்க வேண்டாம், நீங்களே வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது இப்போது உங்கள் ஆப்பின் இடம். உங்கள் ஆப் பாரையே திரையின் உச்சி வரை நீட்டி, உள்ளே இருக்கும் தலைப்பை மட்டும் இன்செட் (சிஸ்டம் பட்டை எடுத்துக்கொள்ளும் இடம்) அளவுக்குக் கீழே தள்ளினால் பழைய தோற்றம் அப்படியே வந்துவிடும். கம்போஸில் (ஆண்ட்ராய்டு திரைகளை எழுதும் கருவித்தொகுப்பு) ஸ்கேஃபோல்டு என்ற திரைச் சட்டத்துக்குள் மெட்டீரியல் 3-இன் டாப் ஆப் பாரை வைத்திருந்தால் இதை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆப் பார் இல்லாத திரையில், ஸ்டேட்டஸ் பார் இன்செட் உயரத்துக்கு ஒரு நீலப் பெட்டியை மேலே வைத்தால் போதும். இன்செட் உயரத்தை 24 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) என்று கையால் எழுதிவிடாதீர்கள். கேமரா துளை உள்ள போன்களில் அது வேறுபடும்.

அடுத்தது ஐகான்கள். நேரம், பேட்டரி எல்லாம் வெள்ளையாக வேண்டுமா கறுப்பாக வேண்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதற்கான அமைப்பின் பெயரில் 'லைட்' என்று வரும். அதைப் பார்த்து ஐகான் வெளிர் நிறமாகும் என்று நினைத்துப் பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். அங்கே 'லைட்' என்பது பின்னணியைக் குறிக்கிறது. பின்னணி வெளிர் நிறம் என்று சொன்னால் ஐகான் கறுப்பாகும். உங்கள் நீலத்துக்கு அது ஃபால்ஸ் ஆக இருக்க வேண்டும்.

பழைய போன்களை ஆதரிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்டேட்டஸ் பாரில் கறுப்பு ஐகான் ஆண்ட்ராய்டு 6.0-இல்தான் வந்தது, கீழ்ப்பட்டையில் 8.0-இல்தான் வந்தது. 2017-இல் ஒரு வாடிக்கையாளருக்குச் செய்த ஆப்பில் கீழ்ப்பட்டைக்கு வெள்ளை கொடுத்திருந்தேன். என் டெஸ்ட் போன் 8.0, அதில் கச்சிதமாக இருந்தது. அவர்கள் ஊழியர்களின் கையில் இருந்ததோ 7.0. வெள்ளைப் பட்டையில் வெள்ளைப் பொத்தான்கள். பேக் பொத்தானே காணவில்லை என்று அன்று முழுவதும் போன் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு, பதிப்பைச் சோதிக்காமல் அந்தப் பட்டைக்கு வெளிர் நிறம் நான் கொடுப்பதில்லை.

விளிம்பு வரை விரியும் இந்த எட்ஜ் டு எட்ஜ் கட்டாயத்திலிருந்து விலக்குக் கேட்கும் ஒரு தீம் வரியும் இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். ஏபிஐ 36-ஐ டார்கெட் செய்து ஆண்ட்ராய்டு 16-இல் ஓடும்போது அந்த வரி செல்லாது.

கேள்வி: ஐபோனில் தலைப்புப் பட்டைக்குப் பச்சை கொடுத்திருக்கிறேன். பட்டியலை மேலே தள்ளும்போது பச்சை வருகிறது. மறுபடி உச்சிக்கு வந்தால் நிறமே இல்லை. பார் டின்ட் கலர் என்பதைத்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: ஐஓஎஸ் 15 வந்த 2021-இலிருந்து இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதம் இல்லை. இப்போது பட்டைக்கு இரண்டு தோற்றங்கள். உள்ளடக்கம் பட்டைக்கு அடியில் ஓடும்போது ஸ்டாண்டர்ட் அப்பியரன்ஸ். பட்டியல் உச்சியில் நிற்கும்போது ஸ்க்ரோல் எட்ஜ் அப்பியரன்ஸ். இரண்டாவதற்கு நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் பின்னணி இல்லாமல் விட்டுவிடுகிறது.

ஐஓஎஸ் 13-இல் வந்த யூஐநேவிகேஷன்பார்அப்பியரன்ஸ் பொருளை ஒன்று உருவாக்குங்கள். முதலில் ஒளிபுகாப் பின்னணிக்கான கான்ஃபிகர் அழைப்பு, அதற்கு அப்புறம் பச்சை. வரிசை மாறினால் அந்த அழைப்பு உங்கள் பச்சையை அழித்துவிடும். தலைப்பு எழுத்தின் நிறத்தையும், பெரிய தலைப்பு வைத்திருந்தால் அதன் எழுத்து நிறத்தையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பிறகு இதே பொருளை இரண்டு தோற்றங்களுக்கும் கொடுத்துவிடுங்கள். பின் அம்புக்குறியின் நிறம் வழக்கம்போல பட்டையின் பொத்தான் நிறமான டின்ட் கலரிலிருந்து வரும்.

ஆப் முழுவதற்கும் அப்பியரன்ஸ் ப்ராக்ஸி (எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே இடத்தில் தோற்றம் சொல்லும் வழி) மூலம் கொடுப்பதானால், ஆப் தொடங்கும்போதே கொடுங்கள். ஏற்கெனவே திரையில் இருக்கும் பட்டையை அது தொடாது. ஆப் ஓடும்போது தீம் மாற்றினேன், முதல் திரை மட்டும் மாறவில்லை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: அதே பச்சைப் பட்டைக்கு மேலே நேரமும் பேட்டரியும் கறுப்பாகவே இருக்கின்றன. வியூ கன்ட்ரோலரில் (ஒரு திரையை நடத்தும் நிரல் பகுதி) வெள்ளை கேட்டும் கேட்கவில்லை.

பதில்: திரைகளை அடுக்கி நடத்தும் நேவிகேஷன் கன்ட்ரோலருக்குள் இருக்கும்போது சிஸ்டம் உங்கள் வியூ கன்ட்ரோலரிடம் கேட்பதில்லை, வெளியே இருக்கும் நேவிகேஷன் கன்ட்ரோலரிடம்தான் கேட்கிறது. அதை சப்கிளாஸ் செய்து (அதிலிருந்து சொந்த வகை ஒன்றை எடுத்து), மேலே இருக்கும் வியூ கன்ட்ரோலரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆப்பிளின் புதிய திரைக் கருவித்தொகுப்பான ஸ்விஃப்ட்யூஐ என்றால் ஐஓஎஸ் 16 முதல் டூல்பார் கலர் ஸ்கீமை டார்க் என்று கொடுக்கலாம். கூடவே டூல்பார் பின்னணி எப்போதும் தெரிய வேண்டும் என்ற வரியையும் சேருங்கள்.

கேள்வி: ஃப்ளட்டரில் (இரண்டு வகைப் போனுக்கும் சேர்த்து ஆப் எழுதும் கருவி) கீழே மூன்று டேப் இருந்தவரை எல்லாம் நன்றாக இருந்தது. நான்காவதைச் சேர்த்ததும் பட்டை வெள்ளையாகி ஐகான்கள் எல்லாம் மறைந்துவிட்டன. இரண்டு நாளாகப் போராடுகிறேன்.

பதில்: ஒரு வரியில் தீரும். பாட்டம்நேவிகேஷன்பார் விட்ஜெட்டுக்கு (விட்ஜெட் என்றால் திரையின் ஒரு கூறு) ஃபிக்ஸ்ட், ஷிஃப்டிங் என்று இரண்டு வகைகள். எது வேண்டும் என்று சொல்லாவிட்டால், மூன்று டேப் வரை ஃபிக்ஸ்ட், நான்கிலிருந்து ஷிஃப்டிங். ஷிஃப்டிங்கில் பட்டையின் நிறம் அந்தந்த டேப்பின் பின்னணி நிறத்திலிருந்து வருகிறது, ஐகான்கள் வெள்ளையாகின்றன. டேப்புகளுக்குப் பின்னணி நிறம் நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள், அதனால்தான் வெள்ளையில் வெள்ளை. டைப்பை ஃபிக்ஸ்ட் என்று எழுதுங்கள். புதிதாகத் தொடங்கும் ஆப் என்றால் மெட்டீரியல் 3-இன் நேவிகேஷன்பார் விட்ஜெட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஃப்ளட்டரை 3.16-க்கு மாற்றியதிலிருந்து ஸ்க்ரோல் செய்யும்போது ஆப் பாரின் நிறம் லேசாக மாறுகிறது.

பதில்: அந்தப் பதிப்பிலிருந்து மெட்டீரியல் 3 தானாகவே இயங்குகிறது. அடியில் உள்ளடக்கம் ஓடுகிறது என்று காட்டவே அந்த மாற்றம். வேண்டாம் என்றால் ஆப் பார் தீமில் ஸ்க்ரோல்ட் அண்டர் எலிவேஷனை 0 ஆக்குங்கள்.

கேள்வி: மேடம், வாடிக்கையாளரின் பிராண்ட் நிறம் மஞ்சள். பட்டை மஞ்சளாக, எழுத்து வெள்ளையாக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். செய்து கொடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அப்படியே கொடுத்துவிடாதீர்கள். இது ரசனைப் பிரச்சினை இல்லை. படிக்க முடியுமா முடியாதா என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. வலை அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற மாறுபாட்டையும், பெரிய எழுத்துக்கும் ஐகானுக்கும் 3-க்கு 1 என்ற மாறுபாட்டையும் கேட்கிறது. மெட்டீரியலின் ஆம்பர் மஞ்சளில் வெள்ளையை வைத்தால் கிடைப்பது 1.6 மட்டுமே. அதே மஞ்சளில் கறுப்பை வைத்தால் 12-ஐத் தாண்டுகிறது.

ஆப் தமிழில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கீழ் டேப்பின் பெயர் பெரும்பாலும் 12 எஸ்பி (எழுத்து அளவின் அலகு) அளவில் இருக்கும். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி ஊசிமுனை போலத்தான் தெரியும். நிறம் மங்கினால் முதலில் காணாமல் போவது அதுதான். 'பட்டியல்' என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், வெயிலில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு 'படடியல' என்று தெரியும். நம் மொழியில் புள்ளி அலங்காரம் இல்லை, அது போனால் சொல்லே போய்விடும். அதனால் தமிழ் ஆப்புக்கு 4.5 என்பதைக் குறைந்தபட்சமாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 7-ஐத் தொடப் பார்க்கிறேன்.

வாடிக்கையாளரிடம் எண்ணைச் சொல்லி வாதாட வேண்டாம். இரண்டு வடிவங்களையும் போனில் போட்டு அவரை வெளியே வெயிலுக்கு அழைத்துப் போய், பிரைட்னஸைப் பாதிக்குக் குறைத்துக் காட்டுங்கள். எனக்கு இது தவறியதே இல்லை. மஞ்சள் கட்டாயம் வேண்டும் என்றால் மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்து வைக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு: பட்டையை வெள்ளையாக விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த டேப்பின் ஐகானுக்குப் பின்னால் வரும் மாத்திரை வடிவத்தை மட்டும் மஞ்சளாக்கி, ஐகானைக் கறுப்பாக்குவது. பிராண்டும் கண்ணில் படும், நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் அந்த வடிவத்தை வைத்து எந்த டேப்பில் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: டார்க் மோடுக்கு மாறும்போது சில திரைகளில் பட்டை மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது.

பதில்: அந்தத் திரைகளில் யாரோ நிறத்தை நேரடியாக எழுதியிருப்பார்கள். தேடி எடுங்கள். நிறத்துக்கு 'நீலம்' என்று பெயர் வைக்காமல் 'பட்டைப் பின்னணி', 'பட்டை மேல் எழுத்து' என்று அது செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுங்கள். ஆண்ட்ராய்டில் இரவு மதிப்புகளுக்கான கோப்புறையிலும், ஐஓஎஸ்ஸில் நிறங்களும் படங்களும் வைக்கும் அசெட் கேட்டலாகிலும் ஒரே பெயருக்கு இரண்டு நிறங்கள் கொடுத்தால் மாறுவதை சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். பின்னணியையும் அதன் மேல் எழுத்தையும் எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

கேள்வி: ஐஓஎஸ் 26-இல் லிக்விட் கிளாஸ் (கண்ணாடி போன்ற புதிய தோற்றம்) வந்த பிறகு எங்கள் நிறப் பட்டை பொருந்தாமல் தெரிகிறது. எடுத்துவிடலாமா?

பதில்: எடுத்துவிடுங்கள். ஆப்பிளின் ஆப் உருவாக்கும் கருவியான எக்ஸ்கோட் 26-இல் பில்ட் செய்யும்போது, பட்டைகளுக்குக் கொடுத்த தனிப் பின்னணியை நீக்கச் சொல்லி ஆப்பிளே வழிகாட்டுகிறது. நம் நிறம் அந்தக் கண்ணாடித் தோற்றத்தை மறைத்துவிடுகிறது. பிராண்ட் நிறத்தைப் பட்டைக்கு அடியில் ஓடும் உள்ளடக்கத்துக்குக் கொண்டு போகலாம், அல்லது முக்கியமான ஒரு பொத்தானின் டின்ட்டில் வைக்கலாம். உடனே நேரம் இல்லையென்றால் ஆப்பின் அமைப்புக் கோப்பான இன்ஃபோ பிலிஸ்டில் பழைய தோற்றத்தைக் கேட்கும் ஒரு சாவி இருக்கிறது. அது தற்காலிக ஏற்பாடுதான். நீக்கிய பிறகு உங்கள் ஆப்பிலேயே மிகப் பளிச்சென்ற படம் உள்ள திரையைத் திறந்து, அது பட்டைக்கு அடியில் போகும்போது தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.