நரம்புல உக்காந்திருக்கற சல்ஃபடைடு: உங்க கேள்வி, என் பதில்

சல்ஃபடைடுன்னா மூளையிலயும் நரம்புலயும் இருக்கற, கேலக்டோஸ் சர்க்கரையும் அது மேல சல்ஃபேட்டும் ஒட்டின ஒரு கொழுப்பு. இந்த முறை அதைப் பத்தி நிறைய கேள்வி சேர்ந்துபோச்சு, அதனால சிலதுக்கு ஒத்தை வரிதான் வரும், கோச்சுக்காதீங்க. போன தடவையே கெஞ்சிக் கேட்டேன், எந்த சாம்பிள், எந்த சால்வென்ட், எந்த டெஸ்ட்னு எழுதுங்கன்னு. "ரிசல்ட் சரியா வரல, ஏன்?"னு மட்டும் எழுதினா நான் என்ன ஜோசியமா பாக்கறது?

கேள்வி: எனக்கு சல்ஃபா மருந்து அலர்ஜி. அப்போ மூளையில இருக்கற சல்ஃபடைடும் எனக்கு ஆகாதா?

உங்க மூளையே அதை வச்சுதான் இந்தக் கேள்வியை யோசிச்சிருக்கு. சல்ஃபா மருந்து வேற, சல்ஃபைட் வேற, சல்ஃபேட் வேற. மூணுலயும் கந்தகம் இருக்குங்கறதைத் தவிர உங்க அலர்ஜிக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்ல.

கேள்வி: சல்ஃபேட் கேலக்டோஸோட ஆறாவது கார்பன்லதானே இருக்கு? என்கிட்ட இருக்கற பழைய புத்தகத்துல அப்படித்தான் படம் போட்டிருக்கு.

மூணாவது கார்பன். ரொம்ப நாள் ஆறுன்னுதான் எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, 1962ல ஜப்பான்ல யமகாவா குழுதான் மூணுன்னு காட்டினாங்க, ஆனா பழைய படம் இன்னும் சாகல. இந்தக் கொழுப்பை மூளையில மொதல்ல பாத்து 1884ல எழுதினவர் துடிக்கும். வினைச்சொல் இல்லங்க, அவர் பேரே அதான், லண்டன்ல வேலை பாத்த ஜெர்மன் டாக்டர். இந்த மாதிரிக் கொழுப்புக்கெல்லாம் முதுகெலும்பா இருக்கற ஸ்ஃபிங்கோசினுக்கு அந்தப் பேரை வச்சதும் இவர்தான், விடுகதை போடற ஸ்ஃபிங்ஸை நினைச்சு வச்சது.

கேள்வி: செல் இதை எங்க தயார் பண்ணுது? சல்ஃபேட்டை யார் குடுக்கறா?

செராமைடுங்கற அடிக்கொழுப்புல கேலக்டோஸ் ஒட்டறது எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல, சல்ஃபேட் ஏத்தறது கோல்ஜியில, ரெண்டும் செல்லுக்குள்ள இருக்கற பட்டறைங்க. குடுக்கறது பாப்ஸ் (PAPS), சல்ஃபேட்டைத் தூக்கிட்டு வர்ற மூலக்கூறு, வெறும் சல்ஃபேட் அயனியை எடுத்து அப்படியே ஒட்ட முடியாது. உடைக்கறது லைசோசோம், செல்லோட கழிவு உடைக்கற பை. சல்ஃபேட் ஏத்தற என்சைமையும் கழட்டற என்சைமையும் மாத்தி மாத்தி எழுதறவங்க இந்தக் கட்டுலயே மூணு பேர் இருக்காங்க. ஏத்தறது சல்ஃபோட்ரான்ஸ்ஃபரேஸ், கழட்டறது சல்ஃபடேஸ்.

கேள்வி: சல்ஃபடைடு இல்லாட்டி மயலினே உருவாகாதுன்னு படிச்சேன். சரியா?

தப்பு. மயலின்னா நரம்பு இழையைச் சுத்தியிருக்கற கொழுப்பு உறை. அந்தக் கொழுப்புல நூத்துக்கு ஒரு அஞ்சுதான் இது, சல்ஃபேட் இல்லாத அண்ணன் கேலக்டோசில்செராமைடு இருபதுக்கு மேல. சல்ஃபேட் ஏத்தற ஜீனை எடுத்துட்ட எலியிலயும் மயலின் சுத்தத்தான் செய்யுது, குட்டி பொறக்கும்போது நல்லாத்தான் இருக்கும். ஆறு வாரம் வாக்குல பின்னங்கால் தளரும், அப்புறம் நடுக்கம், தள்ளாட்டம். ஏன்னு பாக்கணும்னா மயலினோட நடுவுல பாக்காதீங்க, அது முடியற ஓரத்துல பாருங்க. ஒவ்வொரு சுத்தும் ஆக்ஸானை, அதாவது நரம்பு இழையை, வந்து தொடற எடத்துல சின்னச் சின்ன மடிப்பா வரிசையா உக்காந்து இறுக்கிப் பிடிச்சிருக்கும், ரெண்டு மயலினுக்கு நடுவுல இருக்கற வெத்து எடத்துல சோடியம் சேனல், மடிப்பைத் தாண்டி உள்ள மயலினுக்கு அடியில பொட்டாசியம் சேனல், நடுவுல அந்த மடிப்புதான் வேலி. சல்ஃபடைடு இல்லாட்டி அந்தப் பிடி நழுவுது, மடிப்பு ஆக்ஸானை விட்டு வெளிய திரும்பிக்குது, பொட்டாசியம் சேனல் வேலி தாண்டி இந்தப் பக்கம் வந்துடுது, வயசாக ஆக சோடியம் சேனல் கூட்டமும் கலைஞ்சு பரவுது. மயலின்னாலே ஒயர் மேல சுத்தின டேப்புன்னு சொல்லிக்குடுத்தா இதெல்லாம் புரியவே புரியாது. டேப்புக்கு ஓரம் முக்கியமில்ல, மயலினுக்கு ஓரம்தான் உயிர்.

கேள்வி: எலி மூளை சாம்பிள்ல கொழுப்பு எடுத்து டிஎல்சி (தட்டுல கொழுப்புகளைக் கோடு கோடா பிரிக்கற முறை) ஓட்டினேன். சல்ஃபடைடு மங்கலா வருது, கேலக்டோசில்செராமைடு மட்டும் தூக்கலா இருக்கு. நோயா?

நோய் எலிக்கு இல்ல, உங்க டியூபுக்கு. கடிதத்தோட கடைசி வரியில போற போக்குல "அமிலம் சேர்த்து ராத்திரி முழுக்க வச்சேன்"னு எழுதியிருக்கீங்க, விஷயமே அங்கதான் இருக்கு. இந்த சல்ஃபேட் எஸ்டர் அமிலத்துக்குத் தாங்காது, மெத்தனால்ல கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் இருந்தாலே கழண்டு விழும், விழுந்தா மிச்சம் இருக்கறது கேலக்டோசில்செராமைடு, அதான் அது ஏறி இது எறங்கியிருக்கு. காரம் பரவாயில்ல, ஃபாஸ்ஃபோலிப்பிடை ஒழிக்க லேசா காரம் போட்டா சல்ஃபடைடு தாங்கும், ஏன்னா இதுல கொழுப்பமிலம் லேசான காரத்துக்கு உடையாத அமைடு பிணைப்புல தொங்குது. ஆனா அமிலம் கூடவே கூடாது. இன்னொண்ணு, ஒவ்வொண்ணும் ரெட்டைக் கோடா வருதுன்னு பயப்படாதீங்க, கொழுப்பமிலத்துல ஹைட்ராக்சி இருக்கறது ஒரு கோடு, இல்லாதது ஒரு கோடு.

கேள்வி: மூலக்கூறு எடை பாக்கற மாஸ் ஸ்பெக்ல 888.6, 890.6 ரெண்டும் வருது. எது எது?

நெகட்டிவ் மோட்னு (எதிர்மின் அயனியை அளக்கறது) நானே வச்சுக்கறேன், நீங்க எழுதல. 888.6ல கொழுப்பமிலத்துல 24 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்பு, 890.6ல அதே 24 ஆனா இரட்டைப் பிணைப்பு இல்ல. 906.6ம் வந்தா அது ஹைட்ராக்சி. ஆனா 888ஓட ஐசோடோப்பே (கனமான அணு கலந்த அதே மூலக்கூறு) 890ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு உயரத்துக்கு வந்து உக்காரும், அதைக் கழிக்காம 890 கூடிடுச்சுன்னு எழுதாதீங்க.

கேள்வி: எங்க சொந்தக்காரக் குழந்தைக்கு ஆரில்சல்ஃபடேஸ் ஏ டெஸ்ட்ல பத்து சதவீதம்தான் வந்திருக்கு. நெட்ல பாத்தா மெட்டாக்ரொமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோஃபின்னு போட்டிருக்கு. வீடே அழுதுட்டு இருக்கு. குழந்தை நல்லாத்தான் ஓடி ஆடுது.

இதுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், ஏன்னா இந்த ஒத்தை நம்பரை வச்சு ஒரு குடும்பம் ஒடிஞ்சு போனதை நானே பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். ரிப்போர்ட்ல "குறைவு"ன்னு ஒரு வார்த்தை, கீழ ஒரு விளக்கமும் இல்ல, ஆறு மாசம் தூக்கமில்லாம கெடந்தாங்க, கடைசியில ஒண்ணுமில்ல.

ஆரில்சல்ஃபடேஸ் ஏங்கறது மேல சொன்ன அந்தக் கழட்டற என்சைம்தான், அது வேலை செய்யாம சல்ஃபடைடு தேங்கி மயலின் அழியறதுதான் நீங்க நெட்ல பாத்த நோய். என்சைம் குறைவா இருக்கு, ஆனா ஆளுக்கு வாழ்நாள் பூரா ஒரு கோளாறும் இல்ல, இப்படி ஒரு நிலைமை இருக்கு, அதுக்குப் பேர் சூடோடெஃபிஷியன்சி. ஜீன்ல ஒரு மாற்றத்தால என்சைம்ல ஒரு சர்க்கரைக் கிளை ஒட்டாம போகுது, இன்னொரு மாற்றத்தால ஆர்என்ஏவோட வால் சரியா சேராம உற்பத்தி பத்துல ஒரு பங்குக்கு எறங்கிடுது. ஆனா சல்ஃபடைடை அன்னன்னைக்கு உடைக்க அந்தப் பத்து சதவீதமே போதும். இது அபூர்வமும் இல்ல, ஜனங்ககிட்ட சாதாரணமா காணற மாற்றம்.

இதோட மறுபக்கம்தான் இன்னும் மோசம். லேப்ல பெரும்பாலும் இந்த என்சைமுக்கு சல்ஃபடைடை குடுத்துப் பாக்கறதில்ல, நைட்ரோகேட்டகால் சல்ஃபேட்னு தண்ணியில கரையற, கலர் வர்ற ஒரு டூப்ளிகேட்டைத்தான் குடுக்கறாங்க. நெஜ சல்ஃபடைடு சவ்வுக்குள்ள புதைஞ்சு கெடக்கும், அதை 'சபோசின் பி'ங்கற ஒரு புரதம் உருவி எடுத்து நீட்டினாத்தான் என்சைம் தொட முடியும். அந்த சபோசின் இல்லாத குழந்தைக்கு டூப்ளிகேட் டெஸ்ட் நார்மல்னு வரும், நோய் மட்டும் வரும்! அதனால தாழ்வா வந்தாலும் முடிவில்ல, நார்மலா வந்தாலும் முடிவில்ல. நான் எப்பவும் சொல்றதுதான், ஒத்தை நம்பரை நம்பாதீங்க.

சிறுநீர்ல சல்ஃபடைடு பாக்கச் சொல்லுங்க. நோய்ல அது ஏறியிருக்கும், சூடோடெஃபிஷியன்சியில ஏறாது. ஜீன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, முடிஞ்சா அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. இன்னொரு சல்ஃபடேஸையும் கூடவே அளக்கச் சொல்லுங்க, எல்லா சல்ஃபடேஸும் ஒண்ணா குறையற ஒரு தனி நோய் இருக்கு. இதையெல்லாம் நல்லா இருக்கே குழந்தைன்னு தள்ளிப்போடாம இந்த வாரமே மரபணு மருத்துவர்கிட்ட போய் பண்ணுங்க. ஏன்னா நெஜமாவே நோயா இருந்தா, குழந்தையோட சொந்த ரத்த ஸ்டெம் செல்லுக்குள்ளயே சரியான ஜீனை ஏத்தித் திருப்பிக் குடுக்கற சிகிச்சை இப்ப இருக்கு, ஐரோப்பாவுல 2020லயும் அமெரிக்காவுல 2024லயும் அனுமதி கெடைச்சது, அது அறிகுறி வர்றதுக்கு முன்னாடி குடுத்தாத்தான் நல்லா வேலை செய்யும். நடந்துட்டு இருந்த குழந்தை தடுக்கி விழ ஆரம்பிச்ச பிறகு நேரம் கை நழுவிடும். இன்னைக்கு அழ வேண்டாம், ஆனா சும்மாவும் உக்கார வேண்டாம்.

கேள்வி: நரம்பு பயாப்சியை பாரஃபின்ல வெட்டி சல்ஃபடைடு குவிஞ்ச எடத்தைப் பழுப்பாக் காட்டற கிரெசில் வயலெட் சாயம் போட்டேன், பழுப்பு கலர் வரவே இல்ல.

ஆல்கஹாலும் சைலீனும் உங்க சல்ஃபடைடைக் கழுவிக் கொண்டுபோயிடுச்சு. ஃப்ரோசன் செக்ஷன், அதாவது உறைய வச்சு வெட்டினது, எடுங்க. நெகட்டிவ் சல்ஃபேட் நெருக்கமா குவிஞ்சிருந்தாத்தான் சாயம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி கலர் மாறும், குவியலே இல்லாட்டி சாயம் என்ன பண்ணும்?

கேள்வி: ஓ4 ஆன்டிபாடி ஒட்டின செல் எல்லாம் முதிர்ந்த ஒலிகோடெண்ட்ரோசைட்தானே (மூளையில மயலின் செய்யற செல்)?

இல்ல. ஓ4 சல்ஃபடைடைப் பிடிக்கும், முதிராத செல்லுலயே அது தொடங்கிடும். கேலக்டோசில்செராமைடைப் பிடிக்கற ஓ1ஐ சேர்த்துப் போடுங்க. சல்ஃபடைடு இல்லாத எலியில ஒலிகோ செல் கூடுதலா முதிருது, அதாவது இது முதிர்ச்சிக்கு ஒரு பிரேக்கும்கூட.

கேள்வி: சல்ஃபடைடு அதிகமாக என்ன சாப்பிடணும்?

எதுவும் வேண்டாம். செல் தானே செஞ்சுக்கும்.

கேள்வி: சல்ஃபோட்ரான்ஸ்ஃபரேஸ் இல்லாத எலியில ஆண் மட்டும் ஏன் மலடு? நரம்பு தளர்ந்ததாலயா?

நரம்பை இதுல இழுக்காதீங்க. அதே என்சைம்தான் விரையில செமினோலிப்பிடை செய்யுது, அங்க செராமைடுக்குப் பதில் கிளிசரால், மேல அதே சர்க்கரை, அதே மூணாவது கார்பன், அதே சல்ஃபேட். அது இல்லாட்டி விந்து செல் மியோசிஸோட (குரோமோசோமைப் பாதியாக்கற பிரிவு) முதல் பிரிவைத் தாண்டாமலே நின்னுடுது.