ஃபிகர் ஸ்கேட்டிங் பார்க்க முதல் பயணம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நான் பார்த்த முதல் போட்டி நம் ஊரிலேயே நடந்தது. 2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் ஐஸ் விளையாட்டுகளை முதன்முறையாகச் சேர்த்தார்கள். தாமான்சாரா பெர்டானாவில் பேரங்காடிக்குள் இருந்த அரங்கில் நம் மலேசிய வீரர் ஜூலியன் யீ தங்கம் வாங்கினார். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே நான் நடுங்கிக்கொண்டு கைதட்டிய நாள் அது. அதற்குப் பிறகு சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்துப் பயணம் போக ஆரம்பித்தேன். 2023 மார்ச்சில் ஜப்பானின் சைத்தாமாவில் நடந்த உலகப் போட்டி வரைக்கும் போய்விட்டேன். "நாங்களும் போகணும், எப்படி?" என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

செந்தூல் தம்பி: அக்கா, டிவியிலதான் பார்த்திருக்கேன். முதல் தடவையே உலகப் போட்டிக்குப் போயிடலாமா?

போகலாம் தம்பி. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் கிராண்ட் பிரீ போட்டி ஒன்றுக்குப் போங்கள். அக்டோபர், நவம்பரில் உலகம் முழுக்க ஆறு இடங்களில் நடக்கும் தொடர் அது. நமக்குப் பக்கம் ஜப்பானின் என்.எச்.கே. கோப்பையும் சீனக் கோப்பையும். ஆண்கள், பெண்கள் பிரிவுகளில் பன்னிரண்டு பன்னிரண்டு பேர், ஜோடிப் பிரிவில் எட்டு ஜோடி, ஐஸ் நடனத்தில் பத்து ஜோடி, அவ்வளவுதான். பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. இரண்டு மூன்று நாள் லீவு போட்டால் போதும்.

உலகப் போட்டி மார்ச்சில் வரும். ஆண்கள் இறுதிச் சுற்றில் மட்டும் இருபத்து நாலு பேர், ஒரே மூச்சில் நாலு மணி நேரம். பழகாத கண்ணுக்குப் பத்தாவது ஆளிலேயே எல்லாரும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். சின்னப் போட்டியில் கண் பழகட்டும்.

இரண்டுக்கும் நடுவில் நாலு கண்டப் போட்டி இருக்கிறது. ஐரோப்பாவைத் தவிர மற்றக் கண்டங்களுக்கானது, ஜனவரி அல்லது பிப்ரவரியில் வரும். 2025இல் சியோலிலும் 2026இல் பெய்ஜிங்கிலும் நடந்தது. நம் நாட்டுப் பிள்ளைகள் தகுதி பெற்றால் அவர்களையும் அங்கே பார்க்கலாம். அதனால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம்.

கிள்ளான் வாசகி: ஜப்பான் போட்டிக்கு டிக்கெட்டே கிடைக்கலக்கா. எல்லாரும் எப்படி வாங்குறாங்க?

ஜப்பானில் முந்திக்கொள்பவருக்குக் கிடைக்காது, குலுக்கலில் பெயர் விழுந்தவருக்குத்தான் கிடைக்கும். விற்பனை நாள் என்று சொல்வார்கள், உண்மையில் அது பெயர் கொடுக்கும் நாள். சில நாள் கழித்து முடிவு வரும். முதல் குலுக்கலில் விடுபட்டால் அடுத்த குலுக்கலில் கொடுங்கள், கடைசியில் பொது விற்பனையும் உண்டு. உள்ளூர் விற்பனைத் தளங்கள் பல, ஜப்பான் கைப்பேசி எண் கேட்கும். வெளிநாட்டவருக்கென்று தனி விற்பனை திறக்கிறார்களா என்று போட்டியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் தினமும் பாருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன், கள்ளச் சந்தையில் வாங்காதீர்கள். லாபம் வைத்து டிக்கெட் மறுவிற்பனை செய்வதை ஜப்பான் 2019 ஜூனிலிருந்து சட்டப்படித் தடுத்திருக்கிறது. டிக்கெட்டில் வாங்கியவர் பெயர் இருக்கும், வாசலில் அடையாள அட்டை கேட்கலாம். என்னோடு வந்த தோழி ஒருத்தி இப்படி ஒருவரிடம் வாங்கிய டிக்கெட்டோடு வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தாள், அவ்வளவு தூரம் போய். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

டிக்கெட் கைக்கு வந்த பிறகு விமானம் எடுங்கள். ஹோட்டலை மட்டும் முன்கூட்டியே, ரத்து செய்யக்கூடிய விலையில் பிடித்து வைக்கலாம்.

அம்பாங் ஐயா: விசா வேணுமா மா?

நம் மலேசியக் கடப்பிதழில் சிப் இருப்பதால் ஜப்பானுக்கு விசா வேண்டாம் ஐயா, 90 நாள் வரை இருக்கலாம். சீனாவுக்கும் 2025 ஜூலையிலிருந்து ஒரு பயணத்துக்கு 30 நாள் விசா இல்லாமல் போகலாம். கடப்பிதழ் காலாவதிக்கு ஆறு மாதத்துக்குமேல் இருக்கட்டும்.

பெட்டாலிங் ஜெயா வாசகர்: எந்தப் பக்கம் உட்காரணும்? விலை ரொம்ப வித்தியாசப்படுது.

இதற்குத்தான் நான் நிறைய செலவழித்துப் பாடம் படித்தேன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீளப் பக்கம் ஒன்றில் நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆடுபவர்கள் முகம் காட்டுவது பெரும்பாலும் அவர்களைப் பார்த்துத்தான். தொடக்க நிலை, முடிவு நிலை, கை நீட்டிக் கெஞ்சுவது எல்லாம் அந்தப் பக்கம். எனவே நடுவர்களுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளுக்கு விலை அதிகம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் சில நேரம் முதுகுதான் தெரியும், ஆனால் விலை இறங்கும்.

அகலப் பக்கத்தை எல்லாரும் ஒதுக்குவார்கள். எனக்கு அது பிடிக்கும். லட்ஸ் என்ற தாவலுக்காகப் பின்னோக்கி நீளமாக வளைந்து மூலைக்கு வருவார்கள். அந்த மூலைக்குப் பக்கத்தில் இருந்தால், முதுகு நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கும், ஸ்கேட் காலணிக் கத்தியின் முன்பல் ஐஸைக் குத்தும் 'டக்' கேட்கும், கண்முன்னே ஆள் மேலே போய்விடுவார்.

உயரம்? கீழ் வரிசையில் வேகமும் சத்தமும். நல்ல கால் ஓசையே எழுப்பாமல் வழுக்கும், பலவீனமான கால் ஐஸ் கச்சாங் துருவுவதுபோல் கரகரக்கும். டிவியில் இது கேட்காது, இசை மூடிவிடும். கேமராவும் ஆளோடு சேர்ந்தே ஓடுவதால் அவர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பதே தெரியாது. சைத்தாமாவில் பயிற்சி நேரத்தில் கீழே இறங்கிப் பார்த்தேன். ஒருவர் தடுப்புச் சுவரை ஒட்டிக் கடந்தபோது குளிர்காற்று ஒரு அடி முகத்தில் அடித்தது.

மேல் வரிசையில் ஆட்டத்தின் கோலம் தெரியும். ஐஸ் நடனத்துக்கு மேலேதான் நல்லது. கையில் காசு குறைவென்றால் எல்லா நாளும் மேல் வரிசை எடுங்கள். ஒரே நாள் கீழே உட்கார்ந்துவிட்டு மற்ற நாள் ஹோட்டலில் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஈப்போ சாலை வாசகி: ரொம்பக் குளிருமா?

கோலாலம்பூர் – பினாங்கு இரவு பஸ்ஸில் ஏர்கோன் நேராகத் தலையில் அடிக்கும் இருக்கை தெரியும்தானே? அதில் எட்டு மணி நேரம் அசையாமல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு ஜாக்கெட், உள்ளே மெல்லியதாக இரண்டு சட்டை, தடித்த காலுறை, மடியில் போர்த்த ஒரு சால்வை. கை உறை போட்டால் தட்டும் சத்தம் வராது, அதனால் மெல்லியதாக வாங்குங்கள்.

ராவாங் தங்கச்சி: எனக்குத் தாவல் பெயர் எதுவும் தெரியாதுக்கா. போனா புரியுமா?

புரியும் தங்கச்சி. ஆறு தாவல்களில் ஒன்றை மட்டும் அடையாளம் கண்டுகொண்டால் போதும். அது ஆக்ஸல். மற்ற ஐந்தும் பின்னோக்கிப் போய்க்கொண்டே எகிறுவது, ஆக்ஸல் மட்டும் முன்னோக்கிப் பார்த்து எகிறுவது. இறங்குவதோ எல்லாத் தாவலிலும் பின்னோக்கித்தான். அதனால் ஆக்ஸலில் அரைச் சுற்று கூடுதல். மூன்று சுற்று ஆக்ஸல் என்றால் உண்மையில் மூன்றரைச் சுற்று. நாலு சுற்று ஆக்ஸலைப் போட்டியில் முதன்முதலில் முழுசாகச் செய்தவர் அமெரிக்காவின் இலியா மாலினின், 2022 செப்டம்பரில்.

மதிப்பெண் இப்படி வரும். ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. செய்த அழகைப் பார்த்து ஒவ்வொரு நடுவரும் −5 முதல் +5 வரை கொடுப்பார், அதிகமான ஒன்றையும் குறைந்த ஒன்றையும் தள்ளிவிட்டு மீதியைச் சராசரியாக்குவார்கள். அதோடு ஆட்டத்தின் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என மூன்றுக்குத் தனி மதிப்பெண். ஒவ்வொருவரும் இரண்டு சுற்று ஆடுவார்கள், முதலில் குறும் ஆட்டம், பிறகு நீள் ஆட்டம். இரண்டையும் கூட்டி வெற்றியாளர். விழுந்தவர் ஜெயிப்பதும் விழாதவர் தோற்பதும் இதனால்தான், அநியாயம் என்று கோபப்படாதீர்கள்.

முதல் நாள் இதெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம். இறங்கும்போது முழங்கால் மடங்கி மெத்தென்று ஓடுகிறதா, இல்லை அப்படியே நின்றுவிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அரைநாளில் கண் தானாகப் பழகும்.

சுபாங் தம்பி: மாலினினுக்காகத்தான் போறேன். கடைசிக் குழுவுக்கு மட்டும் உள்ளே போனா போதாதா?

தம்பி, வேண்டாம். நீள் ஆட்டத்தில் குழு குழுவாக வருவார்கள். முந்திய சுற்றில் பின்தங்கியவர் முதலில் வருவார், முன்னிலையில் உள்ளவர் கடைசியில். நீங்கள் தவிர்க்க நினைக்கும் அந்த முதல் குழுவில்தான் நம்மைப் போன்ற நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜூலியன் யீ குறும் ஆட்டத்தில் 25ஆவதாக வந்தார். அடுத்த சுற்றுக்கு 24 பேர். ஒரே ஓர் இடம்! ஐஸ் தளம் பேரங்காடிக்குள் இருக்கும் ஒரு நாட்டிலிருந்து, பொதுமக்கள் விழுந்து எழும் அதே தளத்தில் பழகி, அங்கே வரை வந்த பிள்ளை. அப்படிப்பட்டவர்கள் பாதி காலி அரங்கில் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். நாம் ஒரு பத்துப் பேர் முன்னாடியே போய் உட்கார்ந்து தட்டினால் அந்த ஆட்டமே வேறு மாதிரி ஆகும்.

மேலும், முதல் குழுவைப் பார்த்த கண்ணுக்குத்தான் கடைசிக் குழு எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியும். பயிற்சி நேரத்தையும் விடாதீர்கள். டிக்கெட்டில் அது சேர்ந்திருக்கிறதா, தனியாக விற்கிறார்களா என்று பாருங்கள். ஒரே தாவலை எட்டு தடவை விழுந்து ஒன்பதாவது தடவை பிடிப்பதைப் பயிற்சியில்தான் பார்க்க முடியும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: நாங்க சுத்த சைவம். ஜப்பான்ல என்ன சாப்பிடறது?

கவனமாக இருக்க வேண்டிய விஷயம் சூப்பும் குழம்பும். பார்க்கக் காய்கறி மட்டும் மிதக்கும், ஆனால் அடிச்சாறு காய்ந்த மீனில் எடுத்தது. மிசோ சூப்பும் நூடல்ஸ் சாறும் பெரும்பாலும் அப்படித்தான். பெரிய நகரங்களில் இந்திய உணவகங்கள் நிறைய உண்டு, அரங்குக்குப் பக்கத்தில் எது என்று முதலிலேயே வரைபடத்தில் குறித்து வையுங்கள். பகலில் பழம், ரொட்டி, நீங்கள் கொண்டுபோன முறுக்கு. வெளி உணவை அரங்குக்குள் விடுவார்களா என்பதைப் போட்டி விதியில் பாருங்கள். ஐஸைச் சமப்படுத்தும் வண்டி இறங்கும்போது பதினைந்து நிமிடத்துக்குமேல் இடைவேளை வரும், அரங்கமே கழிப்பறைக்கு ஓடும். ஆள் ஆடும்போது எழுந்து போகக்கூடாது, அதனால் தண்ணீரை அளந்து குடியுங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: பினாங்கிலிருந்து வர்றோம். தீபாவளி நேரமா வேற இருக்கு. விமானம் எப்படி எடுக்கலாம்?

கோலாலம்பூரில் மாறுவதென்றால் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான். இரண்டு முனையங்களுக்கு இடையே ரயிலில் மாற வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராண்ட் பிரீ காலம் தீபாவளியை ஒட்டியே வரும், பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் விலை ஏறிவிடும்.

எதுவாக இருந்தாலும் போட்டிக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். நான் ஒரு தடவை அதே நாள் காலை இறங்கலாம் என்று நினைத்தேன். விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். நான் அரங்கில் நுழைந்தபோது பெண்கள் குறும் ஆட்டம் முடிந்து ஐஸ் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கேப்போங் தங்கச்சி: பூ, பொம்மை எறியலாமா? படம் எடுக்கலாமா?

போட்டிக்குப் போட்டி விதி மாறும், முன்கூட்டியே படித்துவிடுங்கள். அனுமதி இருந்தாலும் பூவைப் பிளாஸ்டிக்கில் இறுகக் கட்ட வேண்டும். ஓர் இதழ் ஐஸில் கிடந்து அடுத்தவரின் கத்தியில் சிக்கினால் கால் போய்விடும். ஜப்பான் வீரர் யுஸுரு ஹன்யூவுக்குப் பொம்மை மழை பொழிந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொன்றையும் பொறுக்கி முடிக்கும் வரை அடுத்தவர் குளிரில் காத்து நிற்க வேண்டும். ஃபிளாஷ் எங்கேயும் கூடாது. நம் தேசியக் கொடி ஜாலூர் கெமிலாங் கொண்டுபோங்கள், பின்னால் இருப்பவரை மறைக்காத அளவில்.

ஷா ஆலாம் அம்மா: மகளுக்கு எட்டு வயசு, ஸ்கேட்டிங் கத்துக்கறா. வெளிநாடு கூட்டிட்டுப் போகலாமா?

முதலில் சன்வே பிரமிட்டுக்குக் கூட்டிப்போங்கள். கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் கேடிஎம் ரயில் ஏறி செத்தியா ஜெயாவில் இறங்கினால், பிஆர்டி பஸ்ஸில் சன்வே லகூன் நிறுத்தம் பக்கம்தான். பிள்ளைகளுக்கான போட்டி நடக்கும் நாளாகப் பார்த்து மேல்மாடிக் கம்பியோரம் நில்லுங்கள். இரண்டு மணி நேரம் அவள் கண்ணெடுக்காமல் பார்த்தால் வெளிநாட்டுக்கு டிக்கெட் எடுங்கள். பாதியில் ஐஸ்கிரீம் கேட்டால் இரண்டு வருடம் காத்திருங்கள், ஒன்றும் குறையாது.

தைப்பிங் வாசகி: அம்மாவுக்கு எழுபத்திரண்டு. முழங்கால் வலி. ஆனா என்னைவிட அவங்களுக்குத்தான் ஆசை.

கட்டாயம் கூட்டிப்போங்கள். அரங்கப் படிகள் செங்குத்தாக இருக்கும், கைப்பிடி எல்லா இடத்திலும் இருக்காது. நுழைவாயில் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்கு ஒட்டிய வரிசையில், நடைபாதை ஓர இருக்கையாகக் கேளுங்கள். நாள் முழுக்க உட்கார வைக்காமல், மதியம் ஒரு பிரிவை விட்டுவிட்டு ஹோட்டலில் படுக்க வையுங்கள். அதனால் ஹோட்டல் நடக்கும் தூரத்தில் இருக்கட்டும், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்ளும், கம்பளி முழங்கால் உறை இரண்டு ஜோடி எடுத்து வையுங்கள். இடைவேளைக்கு இடைவேளை எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். தைலம் மறக்காதீர்கள்.