ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறார்களே!

கேள்வி: என் நிறுவனத்தில் 30 பேர். 25 வயதுக்குட்பட்டவர்கள் ஆறு மாதம்கூடத் தங்குவதில்லை. சம்பளத்தைக் கூட்டியும் பலனில்லை. இந்தத் தலைமுறைக்கே பொறுப்பு இல்லையா?

பதில்: பொறுப்பைப் பற்றிப் பேசும் முன் உங்கள் ஷிஃப்ட் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நாளை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது இன்று இரவுதான் தெரியும் என்றால், படிப்பு, வீடு, நண்பர்கள் எதற்கும் அவரால் நேரம் ஒதுக்க முடியாது. சம்பளம் அதை ஈடுசெய்யாது. அட்டவணையை 14 நாள் முன்பே ஒட்டிவிடுங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பெரிய சில்லறை விற்பனை, உணவு, விடுதி நிறுவனங்களுக்கு 2020 ஜூலை முதல் இது சட்டமே. ஷிஃப்ட்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள். ஆனால் மேற்பார்வையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் மாற்றம் செல்லும் என்று வையுங்கள். வாய்வார்த்தையில் விட்டால் ஒரு நாள் இருவர் வந்து நிற்பார்கள், மறுநாள் ஒருவரும் இருக்கமாட்டார்.

புதியவரிடம் 7, 30, 60ஆம் நாட்களில் 15 நிமிடம் பேசுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்றால் ‘நல்லா இருக்கு சார்’ என்றுதான் பதில் வரும். ‘சேரும்போது சொன்ன வேலைக்கும் இப்போது செய்யும் வேலைக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேளுங்கள்.

ஒருவர் போனால் ஆகும் செலவையும் எழுதிப் பாருங்கள்: விளம்பரம், மற்றவர்களின் ஓவர்டைம், கற்றுக்கொடுக்கும் மூத்தவரின் நேரம், புதியவருக்குக் கை பழகும்வரை ஆகும் சேதாரம். கடைசி இரண்டும் கணக்குப் புத்தகத்தில் தனியாகத் தெரியாது. ஆள் மாறுவது மலிவாகத் தோன்றுவது அதனால்தான்.

கேள்வி: இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டால் இளையவர்கள் பதிலே போடுவதில்லை. அவசரத்துக்கு என்ன செய்வது?

பதில்: காலை வணக்கமும் இயந்திரப் பழுதும் ஒரே குழுவில் வந்தால் எது அவசரம் என்று யாருக்குத் தெரியும்? அவசரம் என்றால் தொலைபேசி அழைப்பு மட்டும், மற்றதெல்லாம் காலையில். அழைப்பை எடுக்க வாரம் ஒருவர் என்று முறை வைத்து, அந்த வாரத்துக்குத் தனிப் படி கொடுங்கள். பிரான்ஸில் 50 பேர், அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிந்தைய தொடர்பு பற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். விதியை முதலில் மீறுபவர் பெரும்பாலும் முதலாளிதான், கவனம்.

கேள்வி: மேற்பார்வையாளர் பதவி கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்களே?

பதில்: கூடுதல் நேரம், சொற்பப் படி, மேலிருந்தும் கீழிருந்தும் திட்டு. கணக்குத் தெரிந்தவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆட்களை மேய்க்காமலே, கைத்திறன் கூடக்கூடச் சம்பளம் ஏறும் படிநிலை ஒன்றை எழுதி வையுங்கள்.