பியூனஸ் அயர்ஸ் நகரில் பத்து நாள் தங்குவதற்கு எந்தப் பகுதி ஏற்றது?

மனைவியுடன் முதன்முறையாக அர்ஜென்டினா செல்லவிருப்பதாகவும், நகர மையம், சான் டெல்மோ, பலெர்மோ ஆகிய மூன்றில் எங்கே அறை எடுப்பது என்று முடிவு செய்ய இயலவில்லை என்றும், இருவருமே சைவ உணவுக்காரர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்நகரில் இருமுறை தங்கியிருக்கிறேன். முதல் முறை அலுவலகப் பணிக்காகச் சென்று மூன்று வாரம் சான் டெல்மோவிலும், இரண்டாம் முறை என் மனைவியுடன் ஒரு மாதம் ரெகோலெட்டாவிலும் இருந்தேன். அதைக் கொண்டு சொல்வதானால், நீங்கள் குறிப்பிட்ட மூன்றையும் விட்டுவிட்டு, ரெகோலெட்டாவின் தென்பகுதியில், சாந்தா ஃபே பெருஞ்சாலையை ஒட்டி, காஷாவ் சாலைக்கும் புவேய்ரெடோன் சாலைக்கும் இடைப்பட்ட தெருக்களில் ஒன்றில் அறை தேடுங்கள் என்பதே என் பரிந்துரை. (வரைபடத்தில் இரட்டை 'எல்' போட்டு எழுதப்படும் பெயர்களை அவ்வூர் மக்கள் 'ஷ' ஒலியாகவே உச்சரிப்பார்கள். 'காஷாவ்' என்று இப்போதே சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது.)

இதற்கு முதன்மையான காரணம் இரவு. அங்கே எட்டு மணிக்கு உணவகத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலான மேசைகள் காலியாக இருக்கும். குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து அமர்வதற்கே ஒன்பதரை, பத்து ஆகிவிடும். டாங்கோ ஆடும் மிலோங்கா கூடங்கள் அதற்கும் பிறகுதான் களைகட்டும். 'சுப்தே' என்று அழைக்கப்படும் சுரங்க ரயிலோ இரவு பதினொரு மணியளவில் நின்றுவிடுகிறது. ஆகவே, பகலில் எங்கிருந்து எங்கே போவீர்கள் என்பதைவிட, நள்ளிரவில் எந்தத் தெரு வழியாக நடந்து அறைக்குத் திரும்புவீர்கள் என்பதை வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாந்தா ஃபே சாலையில் அந்நேரத்திலும் விளக்குகள் எரியும், பெட்டிக்கடைகள் திறந்திருக்கும், 'கொலெக்திவோ' எனப்படும் நகரப் பேருந்துகள் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். நகர மையமான மைக்ரோசென்ட்ரோ இதற்கு நேர்மாறானது. வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த அப்பகுதி மாலையிலும் வார இறுதியிலும் கதவடைத்து வெறிச்சோடிவிடுகிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று பலர் அங்கே அறை எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

சான் டெல்மோ மீது எனக்குப் பெரும் பிரியம் உண்டு என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நகரின் செல்வந்தர்கள் ஒரு காலத்தில் வாழ்ந்த பகுதி அது. 1871-ல் பரவிய மஞ்சள் காய்ச்சல் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டபோது, வசதி படைத்த குடும்பங்கள் வீடுகளை விட்டு வடக்கே குடிபெயர்ந்தன. ரெகோலெட்டாவின் மாளிகைகள் எழுந்ததற்கு அந்த இடப்பெயர்வும் ஒரு காரணம். கைவிடப்பட்ட தெற்குப் பகுதி வீடுகளில், அறைக்கு ஒரு குடும்பமாக, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த ஏழைகள் குடியேறினார்கள். அந்த முற்றங்களும், கல் பாவிய தெருக்களும், ஞாயிற்றுக்கிழமை டிஃபென்சா தெருவில் கூடும் பழம்பொருள் சந்தையும் காணத் தவறக்கூடாதவை. ஆனால் நான் தங்கிய அறை தெருவைப் பார்த்திருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் பேருந்து அந்தக் கற்களின் மீது ஏறும்போது, மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளை அதிர்ந்து கரண்டியோடு மோதும் ஓசையில்தான் நாள்தோறும் கண்விழித்தேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பகல் முழுவதும் இருந்துவிட்டு வாருங்கள். தங்க வேண்டாம்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட சொல் 'கோன்ட்ராஃப்ரென்டே'. கட்டடத்தின் பின்புறம் நோக்கிய வீடு என்று பொருள். அந்நகரின் கட்டடத் தொகுதிகளுக்கு நடுவே காற்றுக்காகத் திறந்தவெளி விடுவார்கள். அதற்குத் 'தொகுதியின் நுரையீரல்' என்றே பெயர். அதை நோக்கிய அறையில் வெளிச்சம் சிறிது குறைந்தாலும் உறக்கம் கெடாது. விளம்பரத்தில் இந்த விவரம் இல்லையென்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடைக்காலம் என்பதால், அம்மாதங்களில் போவதாக இருந்தால் ஏசி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முகவரியைப் படிக்கத் தெரிந்துகொண்டால் வரைபடம் பார்க்காமலேயே தூரத்தைக் கணிக்கலாம். இரு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட நீளத்தை அவர்கள் 'குவாத்ரா' என்கிறார்கள். அது ஏறத்தாழ நூறு மீட்டர் இருக்கும். ஒவ்வொரு குவாத்ராவுக்கும் நூறு கதவிலக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. எனவே 1500-ஆம் எண்ணிலிருந்து 2100-ஆம் எண்ணுக்கு ஆறு குவாத்ரா நடை. 1919-ல் திரையரங்கமாக எழுந்து இன்று புத்தகக் கடையாக விளங்கும் எல் அதேனேயோவின் முகவரி சாந்தா ஃபே 1860. அது காஷாவ் சந்திப்பை ஒட்டியே இருக்கிறது என்பதை, அங்கே காஷாவ் 1800-ல் குறுக்கிடுகிறது என்று தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். வடக்கு தெற்காகச் செல்லும் தெருக்களுக்கு எண் ரிவதாவியா சாலையில் தொடங்குகிறது. அதைக் கடந்ததும் தெருவின் பெயரே மாறிவிடுவதால், வடக்கே ரெகான்கிஸ்தா என்றிருப்பது தெற்கே டிஃபென்சா ஆகிவிடும்.

நான் சொல்லும் பகுதியில் சுரங்க ரயிலின் 'டி' தடம் ஓடுகிறது. காஷாவ் நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் கோலோன் இசைநாடக அரங்கத்துக்கு அருகே இறங்கலாம், மூன்றாவது நிறுத்தத்தில் மேயோ சதுக்கம், எதிர்த் திசையில் ஆறாவது நிறுத்தத்தில் தாவரவியல் பூங்கா. முன்னாள் அதிபரின் மனைவியும் மக்கள் தலைவியுமான ஏவா பெரோனின் கல்லறை உள்ள ரெகோலெட்டா இடுகாட்டுக்கு நடந்தே போகலாம். ரயிலுக்கும் பேருந்துக்கும் 'சூபே' என்ற ஒரே அட்டை போதும். பலெர்மோ அழகான பகுதிதான். ஆயினும் செரானோ சதுக்கத்தைச் சுற்றிய மதுக்கூடங்களின் இரைச்சல் விடியும் வரை ஓயாது. பழைய துறைமுகப் பகுதியான புவேர்ட்டோ மதேரோவில் செலவும் அதிகம், ரயிலும் தள்ளியிருக்கிறது. வண்ண வீடுகள் நிறைந்த லா போக்கா பகுதியைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

சைவம் என்பதால் ஹோட்டலைவிடச் சமையலறையுள்ள வீட்டையே எடுங்கள். பாலாடைக்கட்டி வைத்து மூடிய எம்பனாடா என்ற மாவுப் பலகாரமும் வெங்காயம் போட்ட பீட்சாவும் எங்கும் கிடைக்கும் என்றாலும், நான்காம் நாள் நாக்கு பருப்புக்கு ஏங்கும். 'டயட்டெட்டிகா' என்ற பலகை மாட்டிய சிறு கடைகளில் பருப்பு, கொண்டைக்கடலை, சீரகம், மஞ்சள்தூள் எல்லாவற்றையும் எடை போட்டுத் தருவார்கள். இஞ்சியும் பச்சைமிளகாயும் தேடி நாங்கள் பெல்கிரானோவில் உள்ள சீனர் கடைவீதிக்குப் போனோம். ஹோட்டலில் ஓரிரு நாள் தங்குவதாக இருந்தால், கடவுச்சீட்டைக் காட்டி வெளிநாட்டு அட்டையில் பணம் செலுத்துங்கள். 2017 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அறைக் கட்டணத்தின் மீதான 21 விழுக்காட்டு வரி விலக்கப்படுகிறது.

பழைய கட்டடங்களின் லிஃப்டில் மடக்குக் கம்பிக் கதவுகள் இரண்டு இருக்கும். ஒன்றைச் சரியாகச் சாத்தாவிட்டாலும் லிஃப்ட் நகராது. முதல் வாரத்தில் என் மனைவி உட்கதவை ஒரு விரல் அளவு திறந்து விட்டு வந்துவிட, மேல்மாடியிலிருந்து ஒரு மூதாட்டி 'அசென்சோர்! அசென்சோர்!' (லிஃப்ட்! லிஃப்ட்!) என்று குரல் கொடுத்த பிறகே எங்களுக்கு விவரம் புரிந்தது. அதேபோல் பல கட்டடங்களில் தெருக்கதவை உள்ளிருந்து திறப்பதற்கும் சாவி வேண்டும். உங்களில் ஒருவர் வெளியே போய்விட்டால் மற்றவர் உள்ளேயே அடைபட்டுவிட நேரும் என்பதால், வீட்டுக்காரர் ஒரு சாவிக் கொத்து கொடுத்தால் இரண்டாவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.